ரிப்பீட்டரின் வயது: உயர்தர வட்டாரத்துக் காலக்கணிதம் பற்றிய ஓர் ஆய்வு

மரத்துக்கு வயது பார்க்க வளையம் எண்ணுவார்கள். மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்து மனிதருக்கு இந்த இரண்டும் தேவையில்லை. "நீங்கள் எந்த இயர் ஏ.எல்.?" என்று கேட்டால் போதும். கலியாண வீட்டுப் பந்தியிலும் கேட்பார்கள், வங்கி வரிசையிலும் கேட்பார்கள், ரொறன்ரோவில் பனி வழித்துக்கொண்டு நிற்கும்போதும் கேட்பார்கள். பதில் வந்த கணமே கேட்டவர் மனதுக்குள் ஒரு கழித்தல் செய்து, எதிரே நிற்பவரைத் தம்பி என்பதா அண்ணை என்பதா என்று தீர்மானித்துவிடுவார். பிறந்த ஆண்டு அடையாள அட்டைக்கும் சாதகத்துக்கும் மட்டும் வேண்டியது.

இவ்வளவு நேர்த்தியான அளவுகோலில் ஒரேயொரு ஓட்டை உண்டு. ஏ.எல். எனப்படும் க.பொ.த. உயர்தரப் பரீட்சையை ஒன்றுக்கு மேற்பட்ட தரம் எடுத்தவரான ரிப்பீட்டர்தான் அந்த ஓட்டை. அவருக்கு இரண்டு பதில் இருக்கிறது, சிலருக்கு மூன்று. முதல் ஆண்டைச் சொன்னால் கூடப் படித்தவர்கள் எல்லாம் இப்போது எங்கே என்ற உபகேள்வி வரும். கடைசி ஆண்டைச் சொன்னால் நரைமுடி அதைப் பொய்யாக்கும். நடுகல்லுக்கும் நாணயத்துக்கும் நமது ஆய்வுலகம் காட்டிய அக்கறையில் காற்பங்கைக்கூட இவருக்குக் காட்டவில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஆய்வுப் பொருளை வரையறுக்க வேண்டும். முதற்தரம் எடுப்பவர் ஃபெஸ்ட் சை. அடுத்தது செகண்ட் சை, அதற்கடுத்தது தேர்ட் சை. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தரத்துக்கு மேல் கணக்கில்லை என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு கதவை அடைத்துவிட்டதால் இந்த எண்வரிசை மூன்றோடு முடிகிறது. ரிப்பீட்டர் என்றால் பெயிலானவர் என்று வெளியூர் வாசகர் நினைக்கக்கூடும். அது பிழை. பெயிலாகித் திரும்ப எடுப்பவர் இவ்வினத்தின் ஒரு சிறு கிளை மட்டுமே. மூன்று பாடமும் சித்தியடைந்து, வீட்டில் கேக்கும் வெட்டி, மூன்றாம் நாள் பழைய கொப்பிகளைத் தூசு தட்டுபவர்தான் தலைக்கிளை. அவர் கேட்டது மெடிசின். கிடைக்கக் கூடியது வேறேதோ. இரண்டு ஏ, ஒரு பி எடுத்த பிள்ளைக்கு அயலவர் ஆறுதல் சொல்ல வரும் உலகின் மிகச் சில நிலப்பரப்புகளில் எங்களுடையதும் ஒன்று.

இதற்குக் காரணம் இசட் ஸ்கோர். 2001 முதல் பல்கலைக்கழக அனுமதி இதன்படியே நடக்கிறது. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தை எடுத்த எல்லோருடைய சராசரியையும் கழித்து, வருவதை நியம விலகலால் பிரிக்க வேண்டும். மூன்று பாடத்துக்கும் இப்படிச் செய்து சராசரி எடுத்தால் உங்கள் தலையெழுத்து நான்கு தசமதானத்தில் கிடைக்கும். மெடிசின், எஞ்சினியரிங் போன்ற துறைகளில் 40 வீதமான இடங்கள் முழு இலங்கைக்கும் பொதுவான திறமைப் பட்டியலுக்கு. 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இதில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் உண்டு. இதிலிருந்து பெறப்படும் உண்மை என்னவென்றால், ஒரு மாணவர் கெட்டிக்காரரா இல்லையா என்பதை அவரது மூளை மட்டும் தீர்மானிப்பதில்லை. பக்கத்து வாங்கில் இருப்பவரின் மூளைக்கும் அதில் பங்குண்டு.

செகண்ட் சை எடுப்பவர் இவ்வுண்மையை எலும்பு வரை அறிந்தவர். பரீட்சை முடிந்து வாசலுக்கு வரும்போது புதியவர்கள் "பேப்பர் சுகம்!" என்று துள்ளிக்கொண்டு போவார்கள். இவர் முகம் மட்டும் கறுத்துப்போகும். பேப்பர் சுகமென்றால் எல்லோருக்கும் சுகம், சராசரி ஏறும், இசட் இறங்கும். கடினமான வினாத்தாளைக் கண்டு உள்ளூரப் பூரிக்கும் ஒரே மாணவவகை இது. அம்மாவுக்கு இது விளங்காது. "சுகமாத்தானே வந்ததாம், ஏன் இந்தப் பெடியன் சாப்பிடாமல் கிடக்கிறான்?" என்று அயலில் விசாரிப்பார்.

இனி இவ்வாய்வின் மையத்துக்கு வருவோம். பழைய மாணவரும் புதிய மாணவரும் ஒரே மனிதக்கூட்டமா, இரண்டா? இது வெறும் தத்துவக் கேள்வியல்ல. நாட்டின் உயர் நீதிமன்றம் வரை போன கேள்வி. 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டம், புதிய பாடத்திட்டம் என்று இரண்டு இருந்தன. பழையதை எடுத்தவர்கள் ரிப்பீட்டர்கள். புதியதை எடுத்தவர்கள் அப்போதுதான் படித்து முடித்தவர்கள். வினாத்தாள் வேறு, பாடம் வேறு. ஆனால் இசட் ஸ்கோரைக் கணிக்கும்போது இரு சாராரையும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். வழக்குப் போனது. இரண்டும் வெவ்வேறு குடித்தொகைகள், தனித்தனியாகத்தான் கணிக்க வேண்டும் என்று 2012இல் முடிவாகி, வெளியிட்ட ஸ்கோர்கள் ரத்தாகி, எல்லாம் மறுபடி கணிக்கப்பட்டன. கணிப்பையே ரிப்பீட் பண்ண வேண்டி வந்தது என்பதை இங்கே பதிவு செய்வது நமது கடமை. ரிப்பீட்டர் தனியொரு குடித்தொகை என்பதற்கு இதைவிட உயர்ந்த சான்று எந்த மானிடவியலாளருக்கும் கிடைக்கப்போவதில்லை. 2019இல் மறுபடியும் இரண்டு பாடத்திட்டம் வந்தபோது யாரும் கலக்கத் துணியவில்லை.

சட்டமும் புள்ளிவிபரவியலும் இவ்வளவு தெளிவாகப் பிரித்துவிட்ட இரு குடிகளும் ஒரே ரியூட்டரியில், ஒரே தகரக் கொட்டகையின் கீழ் இருக்கும்போது என்ன நடக்கிறது என்பதே களஆய்வின் பொருள்.

ரிப்பீட்டர் பின் வாங்கில் இருப்பார். முன் வாங்கு புதிய ஆர்வத்துக்கு உரியது. பின்னுக்கு இருப்பவருக்குத் தாடி இருக்கும். பாடசாலை மாணவர் தாடி வளர்க்க இயலாது என்பதால் இது நம்பகமான புறச்சான்று. ஆனால் அது நல்லூர்க் கந்தனுக்கு நேர்த்திக்கு விட்ட தாடியா, மனம் விட்டுப்போய் விட்ட தாடியா என்பதைத் தூரத்திலிருந்து பிரித்தறிய முடியாது; கேட்கவும் கூடாது. வெள்ளைச் சீருடைக்குப் பதில் கலர்ச் சேட்டு. பரீட்சை மண்டபத்தில் இந்தச் சேட்டையும் தாடியையும் கண்டு இளைய பரீட்சார்த்தி ஒருவர் மேற்பார்வையாளர் என்று நினைத்து எழுந்து நின்று வணக்கம் சொல்லக்கூடிய சாத்தியத்தை ஆய்வு மறுப்பதற்கில்லை.

வகுப்பில் உள்ளவர்கள் அவரை "அண்ணை" என்பார்கள், "நீங்கள்" போடுவார்கள். அவர் திருப்பி "தம்பி, நீர்" என்பார். இதில் சிக்கலில்லை. சிக்கல் கரும்பலகைப் பக்கம் நிற்பவரால் வருகிறது. கெமிஸ்ற்றி எடுக்கும் சேர் பல இடங்களில் கம்பஸில் படித்துக்கொண்டே வகுப்பெடுக்கும் பெடியன். அதாவது முதற்தரத்திலேயே உள்ளே போய்விட்ட, நமது ரிப்பீட்டரின் சொந்த பாட்ச்சைச் சேர்ந்த மச்சான். நேற்றுவரை "டேய்". இன்றைக்கு வகுப்பில் நூறு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "டேய்" சொல்ல முடியாது. "நீர்" என்று சொல்ல வாய் வராது. "நீங்கள்" என்றால் இருவரும் சிரித்துவிடுவார்கள். ஆகவே சேர் முன்னிலையையே கைவிடுகிறார். "பின் வாங்கிலயிருந்து ஆராவது இதைச் சொல்லலாமே?" என்று கூரையைப் பார்த்துக் கேட்கிறார். பின் வாங்கும் சளைத்ததல்ல. "அந்த ரண்டாவது படி ஒருக்காத் திரும்பச் செய்து காட்டினால் நல்லம்" என்று ஆளில்லாத வசனத்தில் பதில் வருகிறது. ஒருவரையொருவர் விளிக்காமல் ஒரு வருடம் முழுவதும் சேதன இரசாயனம் பேசி முடிப்பது இலக்கணத்துறையில் ஒரு சாதனை. தொல்காப்பியரிடம் கேட்டிருந்தால் தனியொரு இயல் எழுதியிருப்பார்.

வகுப்பு முடிந்து ரியூட்டரிப் படலையைத் தாண்டியதும் முன்னிலை உயிர்த்தெழும். தேத்தண்ணிக் கடையில் இருவரும் ஒரே வாங்கில் இருந்து வடையைப் பிய்த்துத் தின்பார்கள். "டேய், நீ அந்த மெக்கானிசத்தைப் பிழையாப் போட்டனி" என்று மாணவர் சொல்வார். "தெரியுமடா, அவங்களுக்கு முன்னால சொல்லாமல் விட்டதுக்கு தாங்ஸ்" என்று சேர் சொல்வார். பிளேன்ரீக்குக் காசு சேர் கொடுப்பார். ரியூசன் காசு அவரிடம் இருக்கிறது, இவரிடமிருந்து வாங்கியது உட்பட.

பெண்கள் பக்கத்தில் நிலைமை வேறு. அங்கே தாடி இல்லை, நோட்ஸ் இருக்கிறது. தேர்ட் சை எடுக்கும் அக்காவின் உயிரியல் நோட்ஸ் மூன்று வருடங்களாகத் திருத்தி, நிறப்பேனையால் கோடிட்டு, இதயத்தின் படத்துக்கு நான்கு அறையும் நான்கு நிறத்தில் தீட்டி, பாஸ்ற் பேப்பர் கேள்விகளின் ஆண்டை ஓரத்தில் குறித்து வைத்த ஒரு பெருநூல். கடன் வாங்கியவர் போட்டோக் கொப்பி எடுக்கிறார். அவரிடமிருந்து இன்னொருவர். பருத்தித்துறையில் எழுதியது சாவகச்சேரியில் வாசிக்கப்படுகிறது. அக்காவின் கையெழுத்து மருத்துவ பீடத்துக்குப் போய்விட்டது, அக்கா போகவில்லை. இது பற்றி அக்காவிடம் கருத்துக் கேட்டால், "அந்தப் பிள்ளை என்ர கொப்பியைத் திருப்பித் தரேல்லை" என்பதோடு முடித்துக்கொள்வார்.

அறிவின் அளவைப் பொறுத்தவரை ரிப்பீட்டருக்கு நிகரில்லை. ஐம்பது பல்தேர்வு வினா, ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடை. புதியவர் கேள்வியை வாசித்து விடையைத் தேடுவார். தேர்ட் சைக்காரர் கேள்வியைப் பார்த்ததும் இது எந்த ஆண்டுக் கேள்வியின் பேரப்பிள்ளை என்று கண்டுபிடிப்பார். மார்க்கிங் ஸ்கீமில் எந்தச் சொல்லுக்குப் புள்ளி, எந்தச் சொல் வெறும் அலங்காரம் என்பதும் தெரியும். பிறகேன் முதல் இரண்டு தரமும் கிடைக்கவில்லை என்று கேட்பது நாகரிகமற்றது. அதற்கும் பதில் மேலே தரப்பட்டுவிட்டது: சராசரியைக் கூட்டுபவர்களில் அவரும் ஒருவர். அவரிடம் கேட்டுப் படித்தவர்கள் ஏனையோர்.

அண்மைக் காலத்தில் காலமே ரிப்பீட்டருக்குச் சாதகமாகத் திரும்பியது. பல ஆண்டுகளாக ஓகஸ்டில், நல்லூர்த் திருவிழாவோடு மோதிக்கொண்டு நடந்த பரீட்சை பெருந்தொற்றில் தடம் புரண்டது. 2021இன் பரீட்சை 2022 பெப்ரவரியில் நடந்தது. 2022இன் பரீட்சை 2023 ஜனவரியில். 2023இன் பரீட்சை 2024 ஜனவரியில். பரீட்சையே தன் சொந்த ஆண்டைக் கோட்டைவிட்டு அடுத்த ஆண்டில் வந்து குந்தியது. 2022ஆம் ஆண்டுக்காரருக்கு முடிவு 2023 செப்டெம்பரில்தான் கிடைத்தது. செகண்ட் சைக்கு நான்கு மாதம்தான் மிச்சம். கவலைப்படவும் நேரமில்லாமல் திரும்ப எடுத்த முதல் தலைமுறை என்று இவர்களைக் குறிப்பிடலாம். முதற்தரம் எடுத்தவர்களுக்கே இருபது வயது நெருங்கிவிட்டதால் பின் வாங்கில் இருந்த தாடி தன் தனித்தன்மையையும் இழந்தது.

ஒப்பியல் நோக்கில் பார்த்தால் எங்களுக்கு மூத்த மரபு சீனத்தில் உண்டு. பூ சோங்லிங் என்ற கதாசிரியர் பத்தொன்பது வயதளவில் உள்ளூர்ப் பரீட்சையில் முதலிடம் பெற்றவர். அதற்கடுத்த மாகாணப் பரீட்சையை ஆயுள் முழுக்க எடுத்தும் கிட்டவில்லை. எழுபதைத் தாண்டிய பிறகு ஒரு மரியாதைப் பட்டம் கொடுத்தார்கள். இடையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தும் பேய்க்கதை எழுதியும் காலம் தள்ளினார். இது ஒரு வகை. இன்னொரு வகை ஹொங் சியூசுவான். குவாங்சோவில் மூன்றாந்தரம் தோற்றது 1837இல். காய்ச்சலில் விழுந்து விசித்திரக் கனவு கண்டார். 1843இல் நாலாந்தரமும் தோற்றார். அதன் பிறகு, தான் யேசுநாதரின் தம்பி என்ற முடிவுக்கு வந்து ஒரு கிளர்ச்சியைத் தொடங்கினார். தைப்பிங் கிளர்ச்சி 1864 வரை நடந்தது. இறந்தவர்கள் இரண்டு கோடிக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். மூன்றோடு நிறுத்திய மானியங்கள் ஆணைக்குழுவின் தீர்க்கதரிசனத்தை இந்த இடத்தில் பாராட்டத் தோன்றுகிறது. ஆனால் எழுபதுகளின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்ததும், ஒரே எஞ்சினியரிங் பீடத்துக்குத் தமிழ் மொழிமூலம் எழுதியவருக்கு 250, சிங்கள மொழிமூலம் எழுதியவருக்கு 227 என்று வெட்டுப்புள்ளி போட்டதும், அதன் பிறகு எங்கள் பெடியள் எத்தனையாந்தரம் வரை பொறுத்திருந்தார்கள் என்பதும் நினைவுக்கு வருவதால் ஒப்பியலை இத்துடன் விடுகிறோம்.

கடைசியாக, கதவு திறந்தவர்களையும் திறக்காதவர்களையும் தொட்டுச் செல்ல வேண்டும். மூன்றாந்தரத்தில் கம்பஸ் போனவருக்கு அங்கே தன் வகுப்பில் படித்தவர்கள் சீனியர்கள். தன்னை "அண்ணை" என்று அழைத்த ஒரு தம்பிகூட ஒரு வருடம் முந்திப் போயிருக்கலாம். பகிடிவதையைத் தடுக்க 1998இல் 20ஆம் இலக்கச் சட்டம் போட்ட பாராளுமன்றம் இந்தச் சூழ்நிலையைக் கருத்தில் கொண்டதாகத் தெரியவில்லை. தம்பி வந்து முறைத்துக்கொண்டு நின்று, "பேரென்ன?" என்று கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி "சொறி அண்ணை, மற்றவங்கள் பார்க்கிறாங்கள்" என்பார்.

கதவு திறக்காதவர் ஒரு சில மாதம் வீட்டில் இருப்பார். பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு பிசிக்ஸ் சொல்லிக்கொடுக்கத் தொடங்குவார். அந்தப் பிள்ளை இன்னும் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிவரும். வீட்டு விறாந்தை போதாமல் பின்வளவில் கொட்டில் போடுவார்கள். சில வருடங்களில் சந்தியில் அவர் பெயரோடு பதாகை தொங்கும். பெயருக்குப் பின்னால் பட்டம் எதுவும் இராது, தேவைப்படவும் மாட்டாது. அவரிடம் படித்தவர்கள் ஃபெஸ்ட் சையிலேயே போய்விடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவருடைய வகுப்பில் மின்விசிறிக்குக் கீழே இடம் வேண்டுமென்றால் காலை ஐந்தரைக்கே சைக்கிளைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.