கிளிக்கு மொட்டை அடித்தது யார்?

கேள்வி: எங்கள் பச்சைக்கிளிக்கு நெஞ்சிலும் வயிற்றிலும் இறகே இல்லை. இறகுதிர் காலமா, சத்துக் குறைவா?
– வாசகி, அவிநாசி

பதில்: தலையைப் பாருங்கள், விடை தெரியும். அங்கே இறகு அடர்ந்திருந்து, அலகு எட்டும் இடம் மட்டும் வெறுமையாக இருந்தால் பிடுங்கியது கிளியேதான். எந்தக் கிளியின் அலகும் தன் உச்சந்தலைக்கு எட்டாது. தலையும் வழுக்கையானால் பூச்சி, பூஞ்சை, வைரஸ் என்று சந்தேகித்துக் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். இயல்பான இறகுதிர்வில் புது முளை உடனே கிளம்பும், தோல் இப்படித் தெரியாது. தானியம் மட்டுமே தின்றால் வைட்டமின் ஏ குறைவது உண்மைதான். ஆனால் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இரை தேடவும் ஏறி இறங்கவும் வாய்ப்புக் கொடுத்ததுமே அமேசான் கிளிகள் இறகு பிடுங்குவதைக் குறைத்துக்கொண்டன. உங்கள் பச்சைக்கிளியும் கூட்டமாகப் பறந்து திரியும் பறவைதான். வீட்டார் பனியன் கம்பெனிக்குப் போனபின் பகல் முழுக்கத் தனியே கிடந்தால், அதற்குச் செய்ய வேறென்ன வேலை இருக்கிறது?

பெரிய கூண்டு வாங்கலாமே என்பீர்கள். ஆனால் பச்சைக்கிளி 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. எவ்வளவு செல்லமாக வளர்த்தாலும் குற்றமே. அப்படியானால் இன்றே பறக்கவிடலாமா? வேண்டாம். இறகில்லாமல், இரை தேடத் தெரியாமல் வெளியே போனால் காக்கைக்கும் பூனைக்கும் இரையாகிவிடும். திருப்பூர் வனத்துறை அலுவலகத்தில் ஒப்படையுங்கள். இறகு முளைத்தபின் எப்போது விடுவது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.