மாப்ளே, மொதல்ல கயித்தக் கொண்டா

வா மாப்ளே, உக்காரு. கையில என்ன, கல்யாணப் பத்திரிகையா? காரு பொஸ்தகமா! வழவழன்னு நல்லாத்தான் இருக்கு. பக்கத்துக்குப் பக்கம் காரு மலைமேல நிக்குது, பனியில நிக்குது, ஆத்துக்கு நடுவுல நிக்குது. புத்தூர் நால்ரோட்டுல தள்ளுவண்டிக்குப் பின்னால நிக்கிற படம் ஒண்ணு கூட இல்லையே, அச்சடிக்கிறப்ப விட்டுப்போச்சா?

எனக்குக் காரு ஓட்டத் தெரியாது. நான் குழுமணிப் பக்கத்து சம்சாரி, மாடு வாங்கத்தான் தெரியும். மணப்பாறைச் சந்தையில ரெண்டு தடவ ஏமாந்துதான் அதையும் கத்துக்கிட்டேன். அங்க தரகன் துண்டுக்கு அடியில வெரலப் பிடிச்சு வெல பேசுவான். நீ போற ஷோரூம்ல குளுகுளு ரூம்ல ஒக்கார வச்சு காபியக் குடுத்துப் பேசுறான். என்ன, சந்தை டீக்கு நாமளே காசு குடுத்துருவோம். அந்தக் காபிக்கு ஏழு வருஷம் குடுப்போம்.

சரி, ஒங்க வீட்டு கேட்டு எத்தன அடி? தெரியாதா? கொட்டடி அளக்காம மாடு பிடிச்சவன நான் பார்த்ததே இல்ல. கயித்தக் கொண்டா. நாலு மீட்டர் காருன்னா நீளம் பதிமூணு அடி. ரெண்டு காதுக் கண்ணாடியையும் விரிச்சா அகலம் ஆறரை அடியத் தொடும். ஒங்க சந்துல எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரு, குப்பைத்தொட்டி, படுத்திருக்கிற நாயி எல்லாம் போக மிச்சம் எவ்வளவுன்னு அளந்து எழுது. அந்த மிச்சந்தான் நீ வாங்கப்போற காரு.

இந்த நாலு மீட்டர்ல இன்னொரு சூட்சுமம் இருக்கு. எம் பேத்தி போன்ல பார்த்துச் சொன்னா. 2025 செப்டம்பர் 22 லேர்ந்து, நாலு மீட்டருக்கு உள்ள, 1200 சிசிக்குள்ள இருக்கிற பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். மூக்கு ஒரு சாண் நீண்டுட்டா 40. மூக்கு நீளமா இருந்தா செலவு ஜாஸ்தின்னு ஒங்கத்தையக் கட்டுறப்பவே எனக்குத் தெரியும். சிரிக்காத, உள்ளதான் இருக்கா.

பட்ஜெட்டு ஒன்பதே முக்கால் லட்சம்னு சொன்ன. நேத்து ராத்திரி போன் போட்டு, மேல கூரை தெறக்குற மாடல் பத்து லட்சத்துப் பத்தாயிரம்தான் மாமா, கொஞ்சந்தான் கூடன்னு சொன்ன. ஏண்டா, திருச்சி வெயில்ல கூரையத் தொறந்து என்னத்தக் காயவைக்கப் போற, வடகமா? எங்க காலத்துல கூரையில ஓட்டை இருக்கிற வீட்டுக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்க. நீ காசு குடுத்து ஓட்டை வாங்குற.

அதுவும் எம்புட்டுக் காசு? நம்ம தமிழ்நாட்டு கவர்மெண்டு 2023 நவம்பர்ல சாலை வரிய மாத்துச்சு. அஞ்சு லட்சத்துக்கு மேல பத்து லட்சம் வரைக்கும் 13 சதவீதம், அதத் தாண்டிட்டா இருபது லட்சம் வரைக்கும் 18. ஷோரூம் வெல 9,90,000ன்னா வரி 1,28,700. அதுவே 10,10,000ன்னா வரி 1,81,800. வெலையில கூடுனது இருபதாயிரம், வரியில கூடுனது அம்பத்தி மூவாயிரம். விக்கிற பையன் இத ஒங்கிட்டச் சொன்னானா? சொல்ல மாட்டான். மாட்டுக்கு எந்தக் கால் நொண்டின்னு தரகன் என்னைக்குச் சொல்லியிருக்கான்? ஆன்ரோடு வெலைய ஒரே தொகையாச் சொன்னா வாங்கிக்காத. வண்டி எவ்வளவு, வரி எவ்வளவு, இன்சூரன்ஸ் எவ்வளவுன்னு வரிவரியா எழுதி வாங்கு. புதுக் காருக்கு தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மூணு வருஷத்துக்குக் கட்டாயம், அது சட்டம். ஆனா அவங்ககிட்டதான் வாங்கணும்னு சட்டம் இல்ல. வெளியில ரெண்டு எடத்துல கேட்டுட்டு, அந்தச் சீட்டக் கொண்டுபோய் அவன் மேசையில வையி. தானா எறங்கி வருவான்.

டீசலா? யாருடா சொன்னது? பொன்மலைக்கு வேலைக்குப் போறது பைக்குல. காரு எதுக்கு? புள்ளைங்கள பள்ளிக்கொடத்துல விட, வயலூர் முருகனப் பாக்க, சமயபுரம், எப்பவாச்சும் தஞ்சாவூரு. எப்படிக் கூட்டுனாலும் மாசம் ஐந்நூறு கிலோமீட்டரு. டீசல்ல மாசத்துக்கு ஆயிரம் ரூவா மிச்சமாகும்னு வையி. காரு ஒண்ணேகால் லட்சம் கூட. போட்ட காசத் திருப்பி எடுக்கப் பத்து வருஷம் ஆவும், அதுக்குள்ள ஒம் மகன் இந்தக் கார ஓட்ட மாட்டேன்னு சொல்லிருவான். இன்னொண்ணு, 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த டீசல் காருல பொகை வடிகட்டி ஒண்ணு இருக்கு. அதுல சேர்ற கரி எரியணும்னா வண்டி நல்லா சூடேறி நெடுந்தூரம் ஓடணும். பெரியாஸ்பத்திரிக்கும் தில்லைநகருக்கும் உருட்டிக்கிட்டே இருந்தா அடைச்சுக்கும். ஒழவு மாட்டக் கொல்லையிலயே கட்டிப்போட்டா என்ன ஆவும், அதுதான்.

லிட்டருக்கு இருபது கொடுக்கும்னு பொஸ்தகத்துல போட்டிருக்கே, அத அப்படியே நம்பிராத. அது கூடத்துக்குள்ள உருளை மேல ஓட்டி எடுத்த கணக்கு. அங்க சிக்னல் இல்ல, மாடு இல்ல, நடுரோட்டுல நின்னு பேசுற ஒங்க சித்தப்பா இல்ல.

ஏழு சீட்டு வேணுங்கிற. வீட்டுல அஞ்சு பேரு. மத்த ரெண்டு சீட்டு யாருக்கு? தீபாவளிக்கு வர்ற ஒம் மச்சினனுக்கா? பின்வரிசையில மொழங்கால வாயில வச்சுக்கிட்டுத் தஞ்சாவூர் வரைக்கும் போய்ட்டு வந்தான்னா, அடுத்த தீபாவளிக்கு வரமாட்டான். யோசிச்சுப் பார்த்தா, அதுக்காகவே வாங்கலாம். வருஷத்துல ரெண்டு நாளைக்கு எல்லாரும் போகணும்னா வாடகை வேன் எடுத்துக்க. மிச்ச நாளுக்குக் காலி சீட்ட சொமந்துக்கிட்டு ஏண்டா திரியணும்?

ஒங்கம்மா முட்டி எப்படி இருக்கு? பாத்தியா, கார்ப் பேச்சு எடுத்து ஒரு மணி நேரமாச்சு, என் தங்கச்சி பேச்சே வரல. தாழ்ந்த காருல ஏறுறது அவளுக்குக் கெணத்துக்குள்ள எறங்குறாப்புல. ரொம்ப ஒசந்த காரு, பரண் மேல ஏறுறாப்புல. அவள ஷோரூமுக்குக் கூட்டிட்டுப் போ. மூணு தடவ ஏறி எறங்கச் சொல்லு. மூணாவது தடவ "யப்பா முருகா"ன்னா அந்தக் காரு வேணாம். வெலையப் பாத்து, மைலேஜப் பாத்து, கலரு வரைக்கும் பாப்பாங்க. ஏறப்போற கெழவிய மட்டும் யாரும் கூட்டிட்டுப் போறதில்ல.

ஓட்டிப் பாருங்க சார்னு பைபாஸ்ல கூட்டிட்டுப் போவான். போகாத. சாயங்காலம் பள்ளிக்கொடம் விடுற நேரத்துல வயலூர் ரோட்டுல ஓட்டு. உய்யகொண்டான் கரையோரம் ஒரு சந்துக்குள்ள விட்டு, திருப்பி வெளிய கொண்டா. கிளட்ச மிதிச்சு மிதிச்சு ஒங் கால் கெஞ்சுதா, எதிர்ல வந்த ஆட்டோக்காரரு ஒன்னை என்ன சொல்லித் திட்டுனாரு, எல்லாம் குறிச்சுக்க. புத்தூர்க் குட்டிக்குடித் திருவிழா அன்னிக்குக் கூட்டத்துல காரு வெளிய வராது, அதுக்கு எந்தக் கம்பெனிக்காரனாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. ஸ்ரீரங்கத்துக்கு ஏகாதசியன்னிக்கு கார எடுத்துட்டுப் போனவன், காரு நிறுத்த எடத்தத் தேடிட்டுப் பெருமாளப் பாக்காம வந்தான். யாருன்னு கேக்காத, பக்கத்துல நானும் ஒக்காந்திருந்தேன்.

மாட்டுக்குப் பல்லு, காருக்கு சேஸிஸ் நம்பர். எந்த வருஷம், எந்த மாசம் செஞ்சதுன்னு பெரும்பாலும் அதுலயே எழுத்தா ஒளிஞ்சிருக்கும். டிசம்பர்ல அம்பதாயிரம் தள்ளுபடின்னா, மழையிலயும் வெயில்லயும் ஆறு மாசம் நின்ன வண்டியா இருக்கலாம். ஜனவரி பொறந்தா அதுக்கு ஒரு வயசு கூடிரும். விக்கிறப்பத்தான் அந்த வயசு ஒனக்கு வலிக்கும்.

பாதுகாப்புல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாத. 2023 அக்டோபர்லேர்ந்து பாரத் என்கேப்னு நம்ம நாட்டுலயே காரச் செவுத்துல மோதிப் பாத்து நட்சத்திரம் குடுக்குறாங்க. கூரை ஓட்டைக்கு வச்சிருக்க காச நட்சத்திரத்துல போடு. பின்சீட்டுலயும் பெல்ட்டப் போடச் சொல்லு. ஒங்கம்மா மாட்டேம்பா. நான் சொன்னேன்னு சொல்லு, போடுவா.

கடனு? எட்டு லட்சத்த ஒம்பது வட்டியில அஞ்சு வருஷத்துக்கு எடுத்தா மாசம் பதினாறாயிரத்து அறுநூறு. ஏழு வருஷத்துக்கு இழுத்தா பன்னெண்டாயிரத்து எண்ணூத்துச் சொச்சம். கம்மியா இருக்கேன்னு குதிப்ப. வட்டியில 85,000 கூடப் போவும். அந்த மாசத்தவணைய இப்பவே மூணு மாசம் தனியா எடுத்து வச்சுப் பாரு. ரெண்டாவது மாசம் ஒம் பொண்டாட்டிகிட்டக் கைமாத்து கேட்டீன்னா, இன்னும் சின்னக் காராப் பாரு.

சின்னக் காருன்னா எளப்பமா? 1983 டிசம்பர்ல மாருதி 800 வந்தப்ப வெல அம்பதாயிரத்துக்குள்ளதான். எங்க ஊர்ப் பண்ணையாரு அதுல ஏழு பேரையும் ஒரு வாழத்தாரையும் ஏத்திக்கிட்டு வயலூருக்குப் போனாரு. தாரு மட்டுந்தான் முன்சீட்டுல.

அப்ப ஞாயித்துக்கெழம காலையில பஸ் புடிச்சு வர்றேன். நீ அம்மாவக் கூட்டிட்டு வா, அந்த மூணு மாசத் தவணைய எடுத்து வையி. கயிறு நான் கொண்டாறேன். சக்கரத்துக்கு அடியில வைக்க எலுமிச்சம்பழம் வாங்கிறாத, நம்ம கொல்லையில காச்சுக் கெடக்கு.