காது கொடுத்தவர்

கேள்வி: பானெட்டைத் திறந்தார், பத்து நிமிடம் காது கொடுத்துக் கேட்டார், 500 ரூபாய் என்கிறார் மெக்கானிக். நியாயமா?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: நாலு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால், உள்ளே நொடிக்கு 100 தடவை எரிபொருள் வெடிக்கிறது. அதில் ஒரு சிலிண்டர் மக்கர் செய்தாலும் அவர் காதுக்குத் தெரிகிறது. நமக்கோ, வீட்டில் மூன்று முறை கூப்பிட்டாலும் காதில் விழுவதில்லை!

காது மட்டுமா? என்ஜின் ஆயில் பால் விட்ட டீ நிறத்துக்கு மாறியிருந்தால், உள்ளே தண்ணீர் கலந்துவிட்டது, ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும் என்று கண்ணும் சொல்லிவிடும். வெயிலில், வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கற்ற படிப்பு அது. பேரம் பேசாமல் 500-ஐக் கொடுங்கள். கூடவே ஒரு டீயும் சொல்லுங்கள், நிஜ டீ!