கார்டு வாங்கக் கிளம்பின மருமவனுக்கு

ஏலே மருமவனே, டெஸ்க்டாப்புக்கு வைஃபை கார்டு வாங்க எர்ணாகுளம் பெண்டா மேனகா கடை வளாகத்துக்குக் கிளம்பிட்டியாமே! போ, போ. உள்ள நுழைஞ்சதும் "சேட்டா, நாலு கொம்பு வச்சது எது, அதை எடுங்க"ன்னு கேளு. நாற்காலி போட்டு உக்கார வைப்பாரு.

பெட்டியில 2,400 எம்பிபிஎஸ்னு போட்டிருக்கும். நீ வீட்டுக்கு எடுத்திருக்கிறது கேரள அரசோட கே-ஃபோன் இணைய இணைப்புல 20 எம்பிபிஎஸ். சொட்டுற குழாய்க்கு அடியில அண்டாவை வச்சா தண்ணி வேகமா விழும்னு எந்தப் பள்ளிக்கூடத்துலடா சொல்லிக்கொடுத்தாக?

அப்புறம் நம்ம வீட்டுச் சுவரு. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுல மிளகும் சுக்கும் அடுக்கின பழைய கிடங்கு இது. வெட்டுக்கல்லு, ரெண்டு முழம் கனம். ரூட்டர் திண்ணையில, நீ பின்கட்டுல, நடுவுல மூணு சுவரு. 2.4 கிகாஹெர்ட்ஸ் தவழ்ந்தாவது வந்துரும். 5 வர்றதுக்குள்ள மூச்சு முட்டிரும். 6ங்கிறது முதல் சுவத்தைத் தாண்டினாலே பெரிசு; அதுக்கு ரூட்டரும் வைஃபை 6இ-யாவது இருக்கணும். உன் ரூட்டரு இணைப்போட ஓசியில வந்தது. இடவப்பாதி மழையில சுவரு ஊறிட்டா நிலைமை இன்னும் மோசம்.

சரி, வாங்கியே தீருவேங்கிற. இன்டெல்லுல ஏஎக்ஸ்210, ஏஎக்ஸ்211னு ரெண்டு காட்டுவாக. நம்பர் ஒண்ணு கூடன்னு 211ஐத் தூக்கிட்டு வா, எனக்கும் சாயங்காலம் வேடிக்கை வேணும்ல! அதோட வேலையில பாதியை இன்டெல்காரன் தன் சிப்செட்டுக்குள்ளயே வச்சுக்கிட்டான். சிஎன்வியோ2 இருக்கிற இன்டெல் போர்டுலதான் ஓடும். உன்னோடது ரைசன். சொருகினா மாப்பிள்ளை மாதிரி ஜம்முனு உக்காரும், வாயைத் திறக்காது. 210ஐ, பிசிஐஇ பலகையில பொருத்தினதாக் கேளு. போறதுக்கு முன்னால கேபினெட்டைத் திறந்து பாரு. உன் தடி கிராஃபிக்ஸ் கார்டு சின்ன ஸ்லாட்டை மறைச்சுக்கிட்டு நிக்கப்போவுது.

கார்டோட ஒரு மெல்லிசு வயரு வரும். ஒரு முனை கார்டுல, மறுமுனை போர்டுல ஒன்பது பின் யுஎஸ்பி. புளூடூத்துக்கு உயிரே அதுதான். அதைப் பொட்டியோட பரணுல போட்டுட்டு, கார்டு சொத்தைன்னு கடையில சண்டைக்கு நிக்கிறவனுக உண்டு.

ஆன்டெனா வயரோட, காந்த அடியோட வர்றதா எடு, மேசை மேல வைக்கலாம். கேபினெட்டுக்குப் பின்னால திருகினா, தகரத்துக்கும் வெட்டுக்கல்லுக்கும் நடுவுல அது என்னத்தைக் கேக்கும்?

ஜெட்டியில படகு நிக்குது, ஓடு. வர்றப்ப முப்பது மீட்டர் கேட்-6 வயரும் வாங்கிட்டு வா. நூறு மீட்டர் வரைக்கும் கிகாபிட்டைச் சிந்தாமக் கொண்டுவரும், உத்தரத்துல எலி போற ஓட்டையே அதுக்குப் போதும். எதுக்குன்னு இப்பக் கேக்காத. கார்டை மாட்டிப் பாத்துட்டுக் கேளு.