கேளுங்கள், குட்டப்படும்!

இந்த வாரத் தபால் பையில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: "முன்னேறுவது எப்படி?" மீதிப் பாதி, முன்னேறிவிட்ட மைத்துனரைப் பற்றி. இரண்டும் ஒரே கேள்விதான் என்பதால் சேர்த்தே பதில்.

வெற்றிக்கு ஒரே வரியில் ஃபார்முலா சொல்லுங்களேன்?
_மதுரை வாசகர்_

ஒரே வரியில் சொல்பவரிடம் உஷார். இரண்டாவது வரியில் பயிற்சி முகாமின் கட்டணம் இருக்கும்.

இந்த சுயமுன்னேற்றப் புத்தக வியாதி எப்போது தொற்றியது?
_நூலகத்திலேயே குடியிருப்பவர், கும்பகோணம்_

'செல்ஃப் ஹெல்ப்' என்ற பெயரிலேயே சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய புத்தகம் 1859-இல் லண்டனில் வெளியானது. அதே ஆண்டு, அதே ஜான் மர்ரே பதிப்பகம்தான் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலையும் கொண்டுவந்தது. முயன்றால் எவரும் மேலே வரலாம் என்றார் ஸ்மைல்ஸ். பிறந்ததெல்லாம் பிழைப்பதில்லை என்றார் டார்வின். மர்ரே இரண்டு சரக்கையும் விற்றார். தொழில் கற்க வேண்டுமானால் அந்த மூன்றாவது ஆசாமியைக் கவனியுங்கள்.

கணக்கில் ஃபெயில். நான் தொழிலதிபர் ஆக முடியுமா?
_திருவண்ணாமலை மாணவர்_

ஹட்சன் நிறுவனத்தை உருவாக்கிய ஆர்.ஜி. சந்திரமோகன் கணக்குப் பரீட்சையில் கோட்டைவிட்டவர்தான். 1970-இல் 13,000 ரூபாய் முதலோடு சென்னை ராயபுரத்தில் குச்சி ஐஸ் போட ஆரம்பித்தார். அதுவே அருண் ஐஸ்கிரீமாக வளர்ந்தது. பெரிய கம்பெனிகள் பட்டணத்தில் முட்டிக்கொண்டிருந்தபோது இவர் சின்ன ஊர்களுக்குச் சரக்கை அனுப்பினார். ஆக, அவர் தோற்றது விடைத்தாள் கணக்கில். ஐஸ் உருகுவதற்குள் விற்றுத் தீர்க்கும் கணக்கில் அல்ல. நீங்கள் எந்தக் கணக்கில் ஃபெயில் என்று கடிதத்தில் சொல்லவில்லையே!

பில் கேட்ஸே கல்லூரியைப் பாதியில் விட்டவர். நானும் விட்டால் என்ன?
_மூன்றாம் ஆண்டு, இன்ஜினீயரிங், சேலம்_

அவர் ஹார்வர்டைவிட்டு வந்தது 1975-இல். ஆனால் அவர் படித்த சியாட்டில் பள்ளிக்கூடத்தில் 1968-லேயே கணினி முனையம் இருந்தது. பையன் அதைவிட்டு நகரவில்லை. அவர் கல்லூரியைவிட்டு ஓடியது வேலையைப் பார்த்து. நீங்கள் ஓடப்பார்ப்பது திங்கட்கிழமை இன்டர்னலுக்குப் பயந்து.

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தால் கோடீஸ்வரர் ஆகலாமாமே?
_தூக்கம் தொலைத்தவர், தாம்பரம்_

அப்படியென்றால் கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள்தான் நாட்டின் முதல் பணக்காரர்கள். சர்ச்சில் உலகப் போர் நடக்கும்போதுகூடக் காலை நேரத்தைப் படுக்கையிலேயே கழித்தார். கோப்பெல்லாம் கட்டிலுக்கு வந்தது. மதியம் குட்டித் தூக்கம் வேறு. எழுந்து என்ன செய்கிறீர்கள் என்பதுதான் விஷயம். ரீல்ஸ் பார்ப்பதற்கு எட்டு மணி போதும்.

தொழில் செய்ய எம்.பி.ஏ. அவசியமா? அப்பா பணம் கட்டத் தயார்.
_விருதுநகர் வாசகர்_

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். சிவகாசி அப்போது மழையை நம்பி வானத்தைப் பார்த்துக் கிடந்த ஊர். கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு 1923-இல் திரும்பினார்கள். பட்டமும் இல்லை, பட்டமளிப்பு அங்கியும் இல்லை. ஊர் பிழைக்க வழியில்லாமல் செய்த வறட்சியே பிறகு அனுகூலமாயிற்று: காயவைக்க வெயில் இலவசம்!

வட்டித் தொழில் நடந்த பர்மா கிட்டங்கிக்குப் போன செட்டிநாட்டுப் பிள்ளைகளும் பெட்டியடிப் பையனாகத்தான் நுழைந்தார்கள். எடுபிடி வேலை செய்து, பேரேடு பார்த்து, அப்புறம்தான் அடுத்தாள், ஏஜெண்ட் எல்லாம். எம்.பி.ஏ. தாராளமாகப் படியுங்கள். முடித்த மறுநாளே சுழல் நாற்காலி கேட்காதவரை சரி.

நஷ்டத்தில் ஓடும் தொழிலை எப்போது விடுவது?
_பரம்பரை ஜவுளிக்கடை, ஈரோடு_

டிஜிட்டல் கேமராவை 1975-இல் செய்து காட்டியவர் கொடாக் கம்பெனியின் சொந்த இன்ஜினீயர், ஸ்டீவ் சாஸன். ஃபிலிம் வியாபாரத்தை விட மனசில்லாத கொடாக், 2012-இல் திவால் மனு போட்டது. இன்னொரு பக்கம், 1900-இல் பர்மாவில் வட்டித் தொழில் தொடங்கிய முருகப்பா குடும்பம், இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் அங்கே வருவதற்கு முன்பே மூலதனத்தை இந்தியாவுக்கு நகர்த்திக்கொண்டது. வயலும் வீடும் விட்டுப்போகாது என்று இருந்தவர்களில் பலர் 1942-இல் நடந்தே ஊர் வந்து சேர்ந்தார்கள்.

நல்ல வியாபாரம். மாதக் கடைசியில் கையில் காசில்லை. ஏன்?
_மளிகைக்கடை, உடுமலை_

கல்லாவில் எத்தனை கை? பள்ளிக் கட்டணம், பால் பாக்கி, கல்யாண மொய் எல்லாம் அதிலிருந்தேதானே? உங்களுக்கு நீங்களே மாதச் சம்பளம் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் ஒரு ரூபாய் தொடாமல் இருந்து பாருங்கள். வருவதெல்லாம் லாபமில்லை, நாளைய கொள்முதலும் அதில்தான் படுத்திருக்கிறது. 'இன்று ரொக்கம், நாளை கடன்' பலகை கடையில் இருக்கிறதா? வாடிக்கையாளர் பார்த்தது போதும். மச்சான் வரும் வாசல் பக்கம் திருப்பி மாட்டுங்கள்.

முதல் இல்லாமல் முன்னேற வழி?
_கடலூர் இளைஞர்_

அட, கடலூரிலிருந்துகொண்டா? உங்கள் ஊர் சி.கே. ரங்கநாதன் 1983-இல் குடும்பத் தொழிலைவிட்டு வெளியே வந்து, 15,000 ரூபாயில் சிக் ஷாம்பு தொடங்கினார். காலி ஷாம்பு பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார். எந்தக் கம்பெனி பாக்கெட்டானாலும் சரி. ஜனம் பழகிய பிறகு, சிக் காலி பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று மாற்றினார். போட்டியாளரின் குப்பையே அவருக்கு விளம்பரம். உங்கள் தெருவில் குப்பைக்கா பஞ்சம்?

ஜோதிடர் பேச்சைக் கேட்டுத் தொழில் தொடங்கலாமா?
_நெல்லை வாசகி_

நெருப்போடு சம்பந்தப்பட்ட தொழில் என்று ஜோதிடர் சொல்லித்தான் சரவண பவன் ராஜகோபால் 1981-இல் ஓட்டல் வைத்தார் என்பார்கள். கொடிகட்டிப் பறந்தது. இன்னொரு திருமண ஆசைக்கும் ஜோதிடம் துணைக்கு வந்ததாகச் சொல்வார்கள். அது கொலை வழக்கில் முடிந்து, 2019-இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. கேட்பதானால் சாம்பாரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெற்றி பெற்ற ஒவ்வோர் ஆணுக்கும் பின்னால் ஒரு பெண் உண்டல்லவா?
_கோவை தொழிலதிபர்_

பாங்கில் ஜாமீன் கையெழுத்துக்கு மட்டும் முன்னால் வரச் சொல்வீர்களே, அவர்தானே?

கடைசியில், உழைப்பா அதிர்ஷ்டமா? தீர்ப்புச் சொல்லுங்கள்.
_பட்டிமன்றப் பிரியர், காரைக்குடி_

ஊழைவிட வலியது எதுவுமில்லை என்கிறார் வள்ளுவர், 380-ஆவது குறளில். சோராமல் முயல்கிறவர் அந்த ஊழையும் புறமுதுகிட வைப்பார் என்கிறார், 620-இல். நடுவே 240 குறள் இடைவெளி. நாமெல்லாம் அங்கேதான் எங்கேயோ பேருந்துக்குக் காத்திருக்கிறோம்.

எல்லோருக்கும் சொல்கிறீரே, உமது வெற்றியின் ரகசியம் என்ன?
_சந்தேகப் பிராணி, சிதம்பரம்_

யோசிப்பது நீங்கள், தபால்தலை உங்களுடையது, சன்மானம் என்னுடையது.