மகாராணியின் காலனி

ரோமாபுரிச் சக்கரவர்த்தி கிளாடியஸுக்கு வாய்த்த நாலாவது மனைவி அக்ரிப்பினா. சொந்த அண்ணன் மகள். அந்த முறையில் கட்டக்கூடாது என்று சட்டம் இருந்தது. செனட்டைக் கூட்டிச் சட்டத்தை மாற்றிவிட்டுக் கட்டிக்கொண்டார். கல்யாணமான மறு வருஷம், கி.பி. 50இல், அம்மணி ஆரம்பித்திருப்பார்: "நான் பொறந்த ஊருக்கு இதுவரைக்கும் என்ன செஞ்சீங்க?"

பிறந்த ஊர் ரைன் நதிக்கரையில், உபி என்ற ஜெர்மானியக் குடிகள் வாழ்ந்த இடம். அப்பா படைத்தளபதியாகப் போனபோது அங்கே பிறந்தவர். கிளாடியஸ் மறு பேச்சுப் பேசவில்லை. (பேசாமல் இருந்தும் பலனில்லை. நாலே வருஷத்தில் காளான் சாப்பிட்டுப் போய்ச் சேர்ந்தார். அதில் விஷம் வைத்தது மகாராணிதான் என்று ரோமாபுரிச் சரித்திரக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.)

ஊருக்குக் கிடைத்த பட்டம் 'கொலோனியா'. ரிடையரான சிப்பாய்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றும் ஊருக்குத்தான் அந்தப் பெயர். முழுப்பெயர் கொலோனியா கிளாடியா ஆரா அக்ரிப்பினென்சியம். புருஷன் பெயர், பெண்டாட்டி பெயர், நடுவில் 'ஆரா' என்ற பலிபீடம்: கட்சிக்காரர் வைத்த பிளெக்ஸ் பேனர் மாதிரி. இவ்வளவையும் யார் சொல்வது? முதல் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை ஜனங்கள் கழற்றிவிட்டார்கள். ஜெர்மன்காரர் வாயில் அது 'கோல்ன்' ஆனது. ஆங்கிலேயர் ஜெர்மன்காரரைக் கேட்காமல் பிரெஞ்சுக்காரரிடம் கடன் வாங்கி 'கொலோன்' என்றார்.

அந்த ஊரில் 1709இல் கடை போட்ட ஃபாரினா குடும்பம் இத்தாலியிலிருந்து வந்தது. அவர்கள் விற்ற வாசனைத் தண்ணீருக்கு வைத்த பெயரோ பிரெஞ்சு: கொலோன் ஊர்த் தண்ணீர். ஊர் மட்டும் மணக்கவில்லை. 1828இல் போன ஆங்கிலக் கவி கோல்ரிட்ஜ் நாற்றத்தை வகை வகையாக எண்ணிப் பாட்டே கட்டினார். அந்தத் தண்ணீர் கப்பலேறி இங்கே வந்து 'ஓடிகொலோன்' ஆயிற்று. காய்ச்சலென்றால் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு மூடி விட்டு, கைக்குட்டையை நனைத்து நெற்றியில் போடுவார் பாட்டி. அக்ரிப்பினாவின் பிறந்த வீட்டுப் பெருமை நம் நெற்றியில் ஆறிப்போனது இப்படித்தான்.

அதே கொலோனியா இன்னொரு வழியாகவும் வந்தது. ஆங்கிலத்தில் 'காலனி' ஆகி, உத்திரமேரூர்ப் பக்கம் வந்து இறங்கியது.

உத்திரமேரூரும் ஒரு கொலோனியாதான். சொன்னால் ஊர்ப் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். ரோமாபுரியில் சிப்பாய்க்கு நிலம், பல்லவர் ராஜ்யத்தில் வேதம் படித்தவருக்கு நிலம். பெயரும் நீளத்தில் சளைத்ததல்ல: உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம். வடக்கத்தி மேருமலை என்று பொருள். ஏரியும் வயலுமாகக் கிடக்கிற ஊரில் மேருவை எங்கே கண்டார்களோ! அப்புறம் ராஜேந்திரசோழச் சதுர்வேதிமங்கலம் என்றும் ஆனது. இங்கேயும் ஜனங்கள் பட்டத்தைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள்.

இந்த ஊரைப் பற்றி மேடையேறுகிறவர் எல்லோரும் குடவோலையைச் சொல்லிக் கைதட்டு வாங்குவார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தகச் சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் விவரம் இருக்கிறது. 30 குடும்பு (நம் வார்டு மாதிரி), ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் அறியாத சிறுபிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்கக்கூடாது. அவருடைய சித்தப்பா பெரியப்பா மக்கள், மச்சினன் வரை யாரும் நிற்கக்கூடாது. பலே! ஆனால் ஓலையில் பெயர் ஏற வேண்டுமென்றால் கால்வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் படிப்பு எல்லாம் வேண்டும். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். அந்த ஏரித் தண்ணீரில் இறங்கி நாற்று நட்டவர் பெயரில் ஓலை எழுத வழியே இல்லை.

லத்தீனில் 'கொலோனஸ்' என்றால் உழவர். நிலத்தை உழுகிறவர் இருக்குமிடம் கொலோனியா. அந்தக் கணக்கில் பட்டம் யாருக்குப் போக வேண்டும்? குடியேறி வந்தவருக்கு 'மங்கலம்' கிடைத்தது. உழுதவருக்குச் 'சேரி'. சுதந்திரத்துக்குப் பிறகு அவருக்கு அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீட்டு வரிசைக்குக் 'காலனி'. அகராதிப்படி பார்த்தால் முதன்முதலாகப் பெயர் சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்தது. சேர்ந்த வேகத்தில் அதை வசைச்சொல்லாக்கி, "அவன் காலனிக்காரன்" என்று டீக்கடையில் குரலைத் தாழ்த்திச் சொல்லப் பழகிக்கொண்டது ஊர்.

2025 ஏப்ரலில் முதலமைச்சர் ஸ்டாலின் சட்டசபையில் எழுந்து, அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' நீக்கப்படும் என்று அறிவித்தார். நியாயம்தான். கோல்ன்காரர்களோ இரண்டாயிரம் வருஷமாகக் 'காலனிக்காரர்' என்ற பெயரைப் பெருமையோடு போட்டுக்கொண்டு திரிகிறார்கள். 1900இல் பிரஷ்ய அரசாங்கம் முதலெழுத்தை 'சி' என்று மாற்றச் சொன்னது. 1919இல் பழையபடி 'கே'யைத் திரும்ப வாங்கினார்கள். அவர்கள் வழக்கெல்லாம் ஒரு எழுத்துக்காகத்தான். சென்னையில் பேங்க் காலனி, ரயில்வே காலனி என்று போர்டு வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கவலையும் கிடையாது. அங்கே காலனி என்றால் அட்வான்ஸ் பத்து மாசம்.