சாவகாச வாத்தியார்

மாயாஜாலக் கதைகளில் வரும் எல்ஃப் வாத்தியாரைப் பார்த்த மாத்திரத்திலேயே அடையாளம் சொல்லிவிடலாம். கூரான காது, சுருக்கமே விழாத முகம், வயதைக் கேட்டால் எந்த நூற்றாண்டிலிருந்து எண்ணுவது என்று யோசிக்கும் பார்வை. வித்தை விரல் நுனியில் இருக்கும். விரலைத்தான் மடக்கியே வைத்திருப்பார். கேட்டு அலுத்த மனிதன் அவரைக் கஞ்சன் என்று ஏசுகிறான். அது வீண் பழி. கொடுக்க மனமில்லாதவர் அல்லர் அவர், கொடுக்க அவசரமில்லாதவர். அதற்குள் சீடன் செத்துப்போவான் என்பது மட்டும் அவருக்கு உறைக்காது. ஆகவே இந்த உலகங்களில் வித்தை கைமாறும்போதெல்லாம் அதைத் தள்ளிவிடுவது வாத்தியாரின் தாராளம் அல்ல, சீடனின் அவசரம்தான்.

டோல்கியன் கதையில் எல்ஃப்கள் வாழும் லோத்லோரியன் காட்டில் இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. சாம் என்ற ஹாபிட், கயிறு திரிக்கும் குடும்பத்துப் பிள்ளை. அங்கே ஏறக்குறைய ஒரு மாதம் விருந்தாளியாக இருக்கிறான். படகில் ஏறிப் புறப்படும் நேரத்தில் எல்ஃப்களின் கயிறு கண்ணில் பட, எதில் திரித்தது என்று விசாரிக்கிறான். உனக்கு இந்தக் கைவேலையில் ஆசை என்று முன்பே தெரிந்திருந்தால் எவ்வளவோ சொல்லிக்கொடுத்திருப்போமே என்று பதில் வருகிறது. அந்த மாதம் முழுக்க, "தம்பி, உனக்கு என்ன தொழில் தெரியும்?" என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். இனி எப்போதாவது வந்தால் கற்றுக்கொள்ளலாமாம்! சாம் ஹாபிட்தானே, மனிதன் இல்லையே என்று கறாராகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஹாபிட்களை மனித இனத்தின் ஒரு கிளையாகத்தான் டோல்கியனே வைத்தார். ஆயுள் நம்மைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே.

இந்த வாத்தியாரை மடக்குவது எப்படி என்று கண்டுபிடித்தவர் ஹைட்டர். 2020-இல் ஜப்பானிய வார இதழில் தொடங்கிய 'ஃப்ரீரன்' மங்காவில் வரும் பாதிரியார், ஒரு காலத்தில் பெருங்குடிகாரர். தான் வளர்க்கும் அனாதைச் சிறுமி ஃபெர்னைச் சீடப்பிள்ளையாக எடுத்துக்கொள்ளும்படி, ஆயிரம் வயது தாண்டிய எல்ஃப் மந்திரவாதி ஃப்ரீரனைக் கேட்கிறார். முடியாது என்று பதில். சரி, அது போகட்டும், இந்தப் பழைய மந்திரச் சுவடியைப் படித்து அர்த்தம் சொல் என்கிறார். சில வருஷம் ஆகுமே என்கிறாள் ஃப்ரீரன். ஆகட்டுமே, நடுவில் ஓய்வு கிடைக்கும்போது பெண்ணுக்கும் நாலு விஷயம் சொல்லிக்கொடு என்கிறார். சுவடி முடியும்போது பெண்ணின் படிப்பும் முடிந்திருக்கிறது. கிழவருக்கு நாள் எண்ணத் தெரியும். ஃப்ரீரனுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. அந்த ஃப்ரீரனும் வித்தை கற்றது ஃப்ளாமே என்ற மனிதப் பெண்ணிடம். ஃப்ளாமேயின் ஆசான் செரியே, அவர் எல்ஃப். ஒரு எல்ஃபின் வித்தை இன்னொரு எல்ஃபுக்குப் போய்ச் சேரவே நடுவில் ஒரு மனிதப் பிறவி தேவைப்பட்டிருக்கிறது. அதே கதையில் குவால் என்னும் அரக்கனின் கொலை மந்திரத்தை எண்பது வருஷத்தில் மனித மந்திரவாதிகள் பிரித்து மேய்ந்து, தற்காப்பும் கண்டுபிடித்து, சாதாரணத் தாக்குதல் மந்திரமாக்கி, சின்னப் பெண்ணின் கையில் கொடுத்துவிடுகிறார்கள். எண்பது வருஷம் எல்ஃபுக்கு ஒரு மத்தியானத் தூக்கம். மனிதருக்கு மூன்று தலைமுறை.

தானாகவே கற்றுக்கொடுத்த எல்ஃப் ஃபின்ராட் இல்லையா என்று கேட்பார்கள். டோல்கியனின் 'சில்மரிலியன்' படித்தவர்கள் விடமாட்டார்கள். உண்மைதான், தூங்கிக்கொண்டிருந்த பியோர் என்ற மனிதனின் கூட்டத்தாரை யாழ் மீட்டி எழுப்பி, கூடவே தங்கிக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஆனால் வேட்டை சலித்துத் தனியே சுற்றிய நேரத்தில்தான் அவர்கள் கண்ணில் பட்டார்கள். அன்று நல்ல மான் சிக்கியிருந்தால் மனித குலத்தின் கல்வி தள்ளிப்போயிருக்கும். இன்னொரு ஆட்சேபம் கனமானது: மனிதனிடம் கொடுத்தால் கெடுப்பான். சப்கோவ்ஸ்கியின் 'விட்சர்' கதைகளில் ஜெஃப்ரி மாங்க் என்ற மந்திரவாதி திறமையுள்ள மனிதப் பிள்ளைகளை லாக் முயின் என்ற எல்ஃப் ஊருக்கு அழைத்துப் போகிறார், எல்ஃப்கள் பாடம் சொல்லித் தருகிறார்கள். பிற்காலத்தில் அந்த ஊரையே மனிதப் படை அழிக்கிறது. குருதட்சிணை அப்படி. இதை மறுக்க வழியில்லை. ஆனால் வித்தையைப் பூட்டி வைப்பது அதற்கு மருந்து என்பதுதான் இடிக்கிறது. டோல்கியன் உலகின் கெலப்ரிம்போர் என்ற எல்ஃப் கொல்லன் மனிதர் யாருக்கும் தொழில் ரகசியம் சொன்னவர் அல்லர். அழகாக வந்து நயமாகப் பேசிய அன்னதாரிடம் மோதிர வித்தை கற்றுக்கொண்டார். அந்தப் பெயரில் வந்தவன் கொடியவன் சௌரான். அந்த வித்தையில் பிறந்த ஒன்பது மோதிரங்கள் மனித அரசர்களிடம் போனது சீடன் திருடியதால் அல்ல, வாத்தியார் தன் வாத்தியாரைப் பற்றி விசாரிக்காததால்.

'ஃப்ரீரன்' கதையின் செரியே மந்திரவாதிகளுக்குச் சங்கம் வைத்துத் தேர்வு நடத்துகிறாரே, அது அவசரமில்லாதவர் வேலையா என்றால், அதையும் பார்த்துவிடலாம். கடைசிக் கட்டத்தில் ஒவ்வொருவராக அழைத்து, முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் தேறினாய், தேறவில்லை என்று அனுப்புகிறார். பாடம் என்று ஒரு வரி கிடையாது. தேறியவர் விரும்பும் மந்திரம் ஒன்றைத் தருவதாக வாக்கு மட்டும் உண்டு. யுகயுகமாகச் சேர்த்த மந்திரங்கள் அத்தனையும் திறந்து கிடக்க, ஃபெர்ன் கேட்டது துணியில் உள்ள கறையைச் சுத்தமாகப் போக்கும் மந்திரம். செரியேவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் கொடுத்த வாக்கு, கொடுத்தாயிற்று.